மாமா வாங்கிய வண்டி

சங்கச் செயலாளர் சென்ற வாரம் நூலக வாசலில் என்னை மடக்கிக்கொண்டார். "மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும். நீ பௌதிகம் படிக்கிறவன், அணுவைப் பற்றியோ அண்டத்தைப் பற்றியோ எழுது" என்றார். அணுவும் அண்டமும் தேர்வுத்தாளில் என்னைப் படுத்துகிற பாடு போதாதா? மலரிலும் வந்து படுத்த வேண்டுமா? ஆகவே, நான் கண்ணால் கண்டதும், கணக்குப் போட்டுப் பாதி தோற்றதுமான ஒரு சிறிய விஷயத்தை எழுதத் துணிந்தேன். அது என் மாமா மோட்டார் வண்டி வாங்கிய கதை.

மாமா என்றால் என் தாயின் தமையனார். நான் பொள்ளாச்சியை விட்டு முதுகலை படிக்க டெல்லிக்கு வந்த நாள் முதல் அவர் வீட்டில்தான் இருக்கிறேன். அவர் மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் 37 ஆண்டுகள் கோப்புகளோடு வாழ்ந்து, 2024 டிசம்பரில் ஓய்வு பெற்றார். இத்தனை ஆண்டுகளில் அவருக்குச் சொந்தமாக இருந்த வாகனங்கள் இரண்டே இரண்டு: ஒரு ஸ்கூட்டர், அதன் பிறகு ஒரு சின்னஞ்சிறு கார். இரண்டுமே மழைக்காலத்தில் பாதிநாள் தள்ளிச் செல்லப்பட்டவை.

ஆனால் அவருடைய மேசைக் கண்ணாடியின் அடியில் ஒரு படம் இருந்தது. ஏதோ ஒரு பழைய நாட்காட்டியிலிருந்து கத்தரித்தது. மரமோ புல்லோ இல்லாத மலைமீது, தேன்கூட்டைக் கவிழ்த்து வைத்ததுபோல ஒரு பௌத்த மடம். இமாசலப் பிரதேசத்தில் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் உள்ள கீ மடம் அது. "ஓய்வு பெற்றதும் உன் அத்தையை அங்கே கூட்டிக்கொண்டு போவேன்" என்று அவர் சொல்லாத தீபாவளி கிடையாது. அத்தை அதைக் கேட்டுச் சிரிப்பார். ஒன்றும் சொல்லமாட்டார்.

பணிக்கொடை கைக்கு வந்தது. அதில் ஒரு பகுதியை மகளுக்கென்றும், ஒரு பகுதியை ஊரில் உள்ள வீட்டைப் புதுப்பிக்கவென்றும் ஒதுக்கினார். எஞ்சியதில் வண்டி. மலைக்குப் போகிற வண்டி என்றால் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியாக இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஐயம் எல்லாம் எந்த வண்டி என்பதில்தான். "மாப்பிள்ளே, நீ சயன்ஸ் படிச்சவன். நீயே முடிவு பண்ணு" என்று பாரத்தை என் தலையில் இறக்கினார்.

கரோல்பாக்கில் பழைய கார்கள் விற்கும் தெருவை டெல்லி அன்பர்கள் அறிவார்கள். அங்கே 2016ஆம் ஆண்டு ரேஞ்ச்ரோவர் ஸ்போர்ட் ஒன்று விற்பனைக்கு நின்றது. புதிதாக வாங்கினால் எங்களைப் போன்றவர்கள் எட்டிப்பார்க்கவும் முடியாத வண்டி. ஆனால் பழையதாகிவிட்ட நிலையில், புத்தம்புதிய ஸ்கார்பியோ–என் வண்டியின் விலைக்குச் சற்று மேலே, அவ்வளவுதான்! இந்த அதிசயத்துக்குக் காரணம் உண்டு. தலைநகர்ப் பகுதியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் ஆணையிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. (பின்னர் 2025 ஆகஸ்டில் அந்த நீதிமன்றமே, அத்தகைய வண்டிக்காரர்கள்மீது கடும் நடவடிக்கை இப்போதைக்கு வேண்டாமென்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. ஆனால் நாங்கள் வண்டி தேடியது அதற்கு ஆறு மாதம் முன்பு.) ஒன்பது வயதான டீசல் வண்டி டெல்லியில் அன்று மூப்பெய்திய மாட்டுக்குச் சமானம். மாமாவோ, "ஒரு வருஷம் இங்கே ஓட்டுவோம். அப்புறம் ஊரோடு போய்ப் பொள்ளாச்சியில் பதிந்துகொள்வோம்" என்று அதற்கும் வழி வைத்திருந்தார்.

இரண்டு வண்டிகளின் பூர்வோத்தரத்தையும் கொஞ்சம் ஆராய்ந்தேன். ஆராய்ந்தபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகளுக்காகச் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்புதான் இரண்டுக்கும் பாட்டன். போர் முடிந்தபின், இங்கிலாந்தில் மாரிஸ் வில்க்ஸ் என்ற பொறியியலார் தம் பண்ணையில் அத்தகைய ஜீப்பு ஒன்றை வைத்து வேலை வாங்கினார். அதுபோல நாமே ஒன்று செய்தாலென்ன என்று அவருக்குத் தோன்றியது. அப்படிப் பிறந்த லேண்ட்ரோவர், 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக உலகுக்குக் காட்டப்பட்டது. அப்போது அங்கே எஃகுக்குத் தட்டுப்பாடு. ஆகவே உடலை அலுமினியத் தகட்டால் அமைத்தார்கள். அதன் வழியில் 1970இல் வந்தது ரேஞ்ச்ரோவர். நம் நாட்டிலோ, விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி மகிந்திரா நிறுவனம் அதே வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கியது. அந்த வழியில் 2022இல் வந்தது ஸ்கார்பியோ–என்.

முதல் ரேஞ்ச்ரோவரின் உட்புறத்தில் தோலும் இல்லை, மரவேலைப்பாடும் இல்லை. சேற்றுக்காலோடு ஏறி, பிறகு குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடக்கூடிய தரைதான் இருந்தது. குடியானவன் வண்டி கோமான் வண்டியானது அதற்குப் பிறகுதான். அந்தக் கோமான் வண்டியைச் செய்கிற நிறுவனத்தையும் 2008இல் டாட்டா வாங்கிவிட்டது. ஆக, இரண்டு பேரன்மாருக்கும் இன்று நம் நாட்டில்தான் முதலாளிகள்.

மாமாவும் நானும் முதலில் கோமானைப் பார்க்கப் போனோம். கதவைச் சாத்தியதும் கரோல்பாக்கின் சந்தடி முழுவதும் யாரோ விளக்கை அணைத்ததுபோல் நின்றுபோயிற்று. அந்த வண்டிக்குச் சுருள்வில் கிடையாது. அதன் இடத்தில் காற்று நிரம்பிய பைகள். பாரம் ஏறினாலும் வண்டி தாழாமல் காற்றை ஏற்றிச் சமன் செய்துகொள்ளும். பள்ளம் படுகுழி என்றால் தானாகவே உடலை உயர்த்திக்கொள்ளும். 850 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரைக் கடக்க வல்லது என்று அதன் ஏட்டில் போட்டிருந்தது. நம் இடுப்பளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ வேலைக்காகக் குதறிப்போட்ட சாலையில் அதை ஓட்டிப் பார்த்தோம். பரிசலில் போவதுபோல் இருந்தது. மாமா ஒன்றும் பேசவில்லை. சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தை அப்படி நான் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். மகள் பட்டம் வாங்கிய அன்று.

பிறகு ஸ்கார்பியோவைப் பார்த்தோம். அதுவும் நல்ல வண்டிதான். ஆனால் ரகம் வேறு. லாரிக்கு இருப்பதுபோல் ஏணிச்சட்டத்தின்மேல் உடலை வைத்துப் பூட்டியது. 175 குதிரைத்திறன். நான்கு சக்கரமும் இழுக்கும். மலைச்சரிவுக்கென்று தனியாக லோ கியரும் உண்டு. அதே குதறிய சாலையில் அது எங்களைக் குலுக்கியது. கொடூரமாக அல்ல, 'இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, தெரிந்துகொள்' என்று தோளைத் தட்டிச் சொல்வதுபோல.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளை எடுத்தேன். பத்துத் தலைப்புகள், தலைப்புக்குப் பத்து மதிப்பெண். பிரயாண சுகத்தில் ரேஞ்ச்ரோவருக்குப் பத்து, ஸ்கார்பியோவுக்கு ஆறு. காட்டிலும் மேட்டிலும் போகும் வல்லமையில் பத்தும் எட்டும். பழுதுபார்க்கும் செலவில் முறையே இரண்டும் எட்டும். பழுதுபார்க்கும் ஆள் பக்கத்தில் கிடைப்பாரா என்பதில் இரண்டும் ஒன்பதும். அகன்று தட்டையான அந்தப் பெரிய டயர் மலையூரில் கிடைக்குமா என்பதில் மூன்றும் எட்டும். இப்படியே போய்க்கொண்டிருந்தபோது மாமா எட்டிப் பார்த்து, "மனநிறைவுக்கு மார்க் இல்லையா?" என்றார். நியாயம்தானே? போட்டேன். பத்தும் ஐந்தும்.

கூட்டிப் பார்த்தால் ரேஞ்ச்ரோவருக்கு 67, ஸ்கார்பியோவுக்கு 74.

மாமாவுக்கு முகம் வாடிவிட்டது. "மனநிறைவுக்கு இரட்டிப்பு மார்க் போடு" என்றார். போட்டேன். 77–79. அப்போதும் ஸ்கார்பியோதான். "மும்மடங்கு?" என்றார். மும்மடங்கு போட்டதும் 87–84 என்று ரேஞ்ச்ரோவர் வென்றுவிட்டது! மாமா கைகொட்டிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்த வண்டி சிறந்தது என்பதைக் கணக்கு சொல்லும் என்று நம்பி உட்கார்ந்தவன் நான். அதுவோ, 'உனக்கு எது வேண்டும் என்று நீ முதலில் சொல், நான் அப்படியே ஒப்பிக்கிறேன்' என்கிறது. ஆய்வுக்கூடத்தில் தராசுக்கு விருப்பு வெறுப்பு கிடையாது. இந்தத் தராசில் எடைக்கல்லையே நாங்கள்தான் செய்து போட்டுக்கொண்டிருந்தோம்.

"உன் அத்தைக்கு முதுகெலும்பிலே தொந்தரவு. ஸ்பிதி ரோட்டிலே அவளைக் குலுக்கி எடுக்க முடியுமா? அவளுக்காகத்தான் அந்த வண்டி" என்று மாமா கடைசி அம்பை விட்டார். அது வெறும் சாக்கு அல்ல. அத்தைக்கு இடுப்பருகே எலும்பு வட்டு விலகி, மூன்று ஆண்டுகளாகப் பட்டை கட்டிக்கொண்டிருந்தார். காற்றுப்பை வண்டியின் சுகம் அவருக்கு மருந்துபோல இருந்திருக்கும் என்பதை நான் மறுக்க முடியாது.

இந்த விவாதம் நான்கு நாள் நடந்தது. அத்தை சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முதுகைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு மணி நேரம் வாதாடினோம். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

ஐந்தாம் நாள் காலையில் மாமா காப்பியை ஆற்றியபடி சொன்னார்: "ராத்திரி தூக்கம் வரலே, மாப்பிள்ளே. அந்தக் காற்றுப்பை ஒண்ணு போச்சுன்னா என்ன ஆகும், அதுவும் மலைமேலே போச்சுன்னா என்ன ஆகும்னு யோசிச்சேன். வாங்கற காசு என்கிட்ட இருக்கு. வெச்சிருக்கற காசு இல்லே." மறுவாரம் ஸ்கார்பியோவுக்கு முன்பணம் கட்டினோம். செய்தியைச் சொன்னபோது அத்தை கேட்டது ஒன்றே ஒன்று: "ஏறுறதுக்கு மிதிபடி இருக்குதுங்களா?" இல்லை, தனியாக வாங்கிப் பூட்டினோம். கணக்குத்தாளில் மிதிபடிக்கு ஒரு தலைப்பு இல்லை.

2025 ஜூன் கடைசி வாரத்தில் மூவருமாகப் புறப்பட்டோம். சிம்லா வழியாகச் சட்லெஜ் நதிக்கரையைப் பிடித்துக் கின்னௌர் மாவட்டத்தில் நுழைந்து, ஐந்து நாளில் மெல்ல மெல்ல உயரம் ஏறுவது என்று திட்டம். உயரத்துக்கு உடம்பு பழக வேண்டுமல்லவா? ரெக்காங்பியோவை நெருங்கும்போது கூரிய கல்லொன்று பின்சக்கரத்தைக் கிழித்தது. சாலையோரத்துக் கடைக்காரர் டயரைத் திருப்பிப் பார்த்து, அடைப்பு வைத்து ஒட்டிக் கொடுத்தார். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மாமா என்னைப் பார்த்தார். நான், "எட்டு மார்க்" என்றேன்.

காப் என்னுமிடத்தில் சாம்பல் நிறச் சட்லெஜோடு ஸ்பிதி நதி வந்து சேர்கிறது. அங்கிருந்து உலகமே வேறு. பச்சை என்பது கண்ணைவிட்டு மறைந்துவிடுகிறது. 996ஆம் ஆண்டில் எழுந்த தாபோ மடத்தைப் பார்த்தோம். வெளியே மண்சுவர், உள்ளே ஆயிரமாண்டு ஓவியம். ஏறக்குறைய 3,700 மீட்டர் உயரத்தில் உள்ள காஜாவில் இரண்டு இரவு தங்கினோம். ஒருநாள் காலையில் அந்தத் தேன்கூட்டு மடத்தின் எதிரே வண்டியை நிறுத்திவிட்டு, மாமா தம் சட்டைப்பையிலிருந்து அந்தப் பழைய படத்தை எடுத்தார். ஓய்வு பெற்ற நாளில் மேசையிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார் போலும். படத்தையும் மடத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு அத்தையிடம் கொடுத்தார். அத்தை, "படத்துல இருக்கறதைவிடப் பெருசா இருக்குதுங்க" என்றார்.

அதுவரை எல்லாம் சுகமே. ஆனால் திரும்புகிற வழியை மணாலி பக்கமாக வைத்திருந்தோம். 4,551 மீட்டர் உயரமுள்ள குன்சும் கணவாயைக் கடக்க வேண்டும். அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 57 விழுக்காடுதான். மனிதனுக்கு மட்டுமல்ல, எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும் இடம். கணவாயை இறங்கி பாதல் என்ற இடத்துக்கு வந்த பிறகு, அங்கிருந்து கிராம்பூ வரை சுமார் 50 கிலோமீட்டர். அதைச் சாலை என்று சொல்வது மரியாதைக்காக. ஆற்றுப்படுகையில் உருண்டு கிடக்கிற கற்கள்மேல் வண்டிகள் போன தடம்தான் அங்கே சாலை.

அந்தத் தடத்தை ஆங்காங்கே ஓடைகள் குறுக்கே வெட்டுகின்றன. நாலா என்கிறார்கள். மேலே பனிப்பாளம் உருகி வருகிற தண்ணீர். காலையில் கணுக்கால் அளவு ஓடும். வெயில் ஏற ஏற உருகுதலும் ஏறி, பிற்பகலில் முழங்காலைத் தாண்டும். ஆகவே விடியும்முன் புறப்பட வேண்டும் என்பது அந்த ஊர் ஓட்டுநர்களின் பாலபாடம். நாங்களும் அறிந்திருந்தோம். ஆனால் அத்தைக்கு அன்று காலையில் முதுகு பிடித்துக்கொண்டது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் புறப்படுவதற்குள் எட்டு மணியாகிவிட்டது. ஆக, ஒரு பெரிய நாலாவின் கரைக்கு நாங்கள் வந்து நின்றபோது பிற்பகல் இரண்டு மணி.

தண்ணீர் பால்போலக் கலங்கி, கற்களை உருட்டிக்கொண்டு ஓடியது. முன்னால் போன சரக்கு ஜீப்பு ஒன்று ஆடி அசைந்து அக்கரை சேர்ந்ததைப் பார்த்தோம். மாமா வண்டியை மெல்ல இறக்கினார். நடுவழியில் முன்சக்கரம் ஒரு கல்லில் முட்டி நின்றது. மாமா பதறி எஞ்சினை அழுத்தினார். இடப்பக்கச் சக்கரம் வழுக்கிச் சுற்றியது. தண்ணீர் கதவில் அறைந்தது. பௌதிகம் எனக்குத் தெரியும். வழுக்குகிற சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் பிடிப்பு பெருகாது, குறையவே செய்யும். தெரிந்து என்ன பயன்? என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"காலை எடுங்க" என்றது ஒரு குரல். அத்தை!

"ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுங்கன்னா! நின்னுதா? நியூட்ரலுக்கு வாங்க. இந்த வண்டியில லோ எங்க இருக்குது, சின்னக் கம்பியைக் காணோமே?"

"கம்பி இல்லை, அத்தை. திருகு இருக்கிறது" என்று நான் அதைத் திருப்பினேன். முகப்பில் விளக்கு எரிந்தது.

"ஒரு முழம் பின்னால விடுங்க. அந்தக் கல்லுக்கு வலப்பக்கமா திருப்புங்க. இப்ப ரெண்டாவது கியர். கிளட்சை விட்டதுக்கப்புறம் தொடவே தொடாதீங்க. வண்டி தானாப் போகும். நீங்க சும்மா பிடிச்சுக்கிட்டு இருந்தாப் போதும்."

அப்படியே ஆயிற்று. லோ கியரில் சக்கரம் மெதுவாகச் சுற்றும்; ஆனால் அதன் இழுவிசை பன்மடங்காகும். எருமை சேற்றில் நடப்பதுபோல் வண்டி ஒவ்வொரு கல்லாக ஏறி இறங்கி அக்கரைக்கு வந்து நின்றது. மாமா எஞ்சினை நிறுத்திவிட்டு, சக்கரத்தின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. ஆற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது.

அன்று மாலை வழியில் ஒரு கூடாரக் கடையில் தேநீர் குடித்தபோதுதான் கதை வெளிவந்தது. அத்தை வால்பாறைக்காரர். அவருடைய தந்தையார் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஜீப்பு ஓட்டியவர். இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், பதினாறு வயதிலேயே, அதாவது 1983 வாக்கில், தந்தையார் அவருக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டார் என்பது. மழைக்காலத்தில் தோட்டப் பாதை முழுதும் வழுக்குச் சேறு. பெரிய கியர்க்கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு சின்னக் கம்பிகள். ஒன்று நான்கு சக்கரத்துக்கு, ஒன்று லோவுக்கு. அவற்றைப் போட்டுக்கொண்டு, கொழுந்து மூட்டைகளோடு சரிவில் ஏறுவாராம்.

"லைசென்ஸ்?" என்றார் மாமா.

"எஸ்டேட் ரோட்டுல யாருங்க கேட்டாங்க?"

"கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷமாச்சு. ஏன் சொல்லவே இல்லே?"

"நீங்க எங்கீங்க கேட்டீங்க?"

மாமா தேநீரைக் கீழே வைத்துவிட்டார். நான் என் கணக்குத்தாளை நினைத்துக்கொண்டேன். பத்துத் தலைப்புகள்! உலகத்து வண்டிகளின் வரலாறெல்லாம் தேடிப் படித்தேன். பாட்டன் ஜீப்பைச் சேற்றில் ஓட்டியவர் அடுத்த அறையில் இட்லி வார்த்துக்கொண்டிருந்தார்.

மணாலிக்கு வந்து சேர்ந்ததும் அத்தையால் எழுந்து நிற்க முடியவில்லை. இரண்டு நாள் கட்டாந்தரையில் படுத்தே கிடந்தார். மாமா மனம் உடைந்துபோனார். "பாவி நான். பணத்தைப் பார்த்துவிட்டேன். அந்த வண்டியையே வாங்கியிருந்தால் உனக்கு இந்த வேதனை வந்திருக்காது" என்று பக்கத்திலேயே உட்கார்ந்து புலம்பினார்.

அத்தை படுத்தபடியே சொன்னதை நான் மறக்கமாட்டேன்.

"வந்திருக்காதுதாங்க. அந்த வண்டியில முதுகு வலிச்சிருக்காது. ஆனா அதை நீங்க அந்த ஓடையில இறக்கியிருப்பீங்களா? கரையிலயே நிறுத்திட்டு, பெயிண்ட்டுல கல்லு படும்னு திரும்பியிருப்பீங்க. காஜாவுக்கே போயிருக்க மாட்டீங்க. கரோல்பாக்குலயிருந்து வீடு வர்றதுக்குள்ள ஏழு தடவை இறங்கித் துடைச்சிருப்பீங்க. எனக்கு உங்களைத் தெரியாதுங்களா?"

மாமா மறுக்கவில்லை. நானும் மறுக்க முடியாது. 850 மில்லிமீட்டர் தண்ணீரை அந்த வண்டி கடக்கும் என்பது உண்மை. அதைச் செய்தவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் வாழ்நாள் சேமிப்பில் பாதியை அதில் போட்டுவிட்ட ஒருவர், அதை 200 மில்லிமீட்டர் தண்ணீரில்கூட இறக்கமாட்டார். வண்டியின் வல்லமை ஒன்று. அந்த வண்டியை வைத்துக்கொண்டு அதற்குரியவர் துணிகிற அளவு வேறொன்று. முதலாவது ஏட்டில் இருக்கிறது. இரண்டாவது வீட்டில் இருக்கிறவர்களுக்கு மட்டுமே தெரியும். ஸ்கார்பியோவின் இடக்கதவில் அந்த நாலா போட்ட நீண்ட கீறல் இன்னும் இருக்கிறது. மாமா அதைச் சரிசெய்யவில்லை.

ரேஞ்ச்ரோவரைக் குறைத்துப் பேசுவதாக எண்ண வேண்டாம். பணம் ஒரு பொருட்டல்லாதவருக்கு, அதன் கதவில் கீறல் விழுந்தால் தூக்கம் கெடாதவருக்கு, அது இணையில்லாத வண்டி. அத்தையின் முதுகு அந்த இரண்டு நாள் பட்டபாட்டை நான் பார்த்தேன். எங்கள் முடிவுக்கு ஒரு விலை இருந்தது, அந்த விலையைக் கொடுத்தவர் அவர். அவரைக் கேட்டிருந்தாலும் ஒருவேளை இதே வண்டியைத்தான் வாங்கியிருப்போம். ஆனால் கேட்டிருந்தால், காலை எட்டு மணிக்குப் புறப்பட்டுப் பிற்பகல் இரண்டு மணிக்கு நாலாவுக்குப் போயிருக்கமாட்டோம். இன்னொரு நாள் தங்கி, விடியலில் வந்திருப்போம். குன்சும் வழியே வேண்டாம், வந்த வழியே திரும்பலாம் என்றுகூட அவர் சொல்லியிருக்கலாம். மூன்று பேரில் இருவர் சேர்ந்து செய்த முடிவை மூன்றாமவர் சுமந்தார்.

அந்தத் தாளை நான் இன்னும் கிழித்தெறியவில்லை. ஆய்வுக்குறிப்பேட்டில் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். சோதனை தொடங்குமுன், யாரைக் கேட்க மறந்தோம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள அது உதவுகிறது.

வருகிற கோடையில் மாமா குடும்பத்தோடு ஊர் திரும்புகிறார். டெல்லியிலிருந்து பொள்ளாச்சி ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர். ரயிலில் சாமான்கள், வண்டியில் மனிதர்கள் என்று ஏற்பாடு. இரண்டு மாதமாக எங்கள் தெருவில் காலை ஆறு மணிக்கு ஒரு ஸ்கார்பியோ சிவப்பு 'எல்' எழுத்துப் பலகையோடு போவதை மயூர்விஹார் அன்பர்கள் பார்த்திருக்கலாம். ஓட்டுகிறவர் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் இருப்பவர் பயந்த முகத்தோடு கைப்பிடியைப் பிடித்திருப்பார். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். அதை மட்டும் தாமே ஓட்டுவதாக அத்தை இப்போதே சொல்லிவிட்டார்.

இந்த முறை மாமா அவரைத்தான் முதலில் கேட்டார்.